மூன்று நிமிட ஆடும் கோவிந்தம்மாள் சிரிப்பும்

திண்டிவனத்துக் கோவிந்தம்மாளின் சிரிப்புக்கு விலை ஒன்பதாயிரம் ரூபாய். அன்றைக்கு அவள் விற்ற மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு மூட்டை போன விலையைவிட ஆயிரம் கூட. வாங்க வந்தவள் அருணா, விழுப்புரத்தில் ஒரு கார்ட்டூன் கம்பெனிக்குப் படம் வரைபவள். அவளுடைய மூன்று நிமிடப் படத்தில் ஒரு கறுப்பு ஆடு பங்களா மதிலைத் தாண்ட வேண்டும். தாண்டவில்லை. கம்பெனியின் ரெடிமேட் சத்தங்களில் எதைச் சேர்த்தாலும், ஸ்பிரிங் துள்ளல், பீப்பி, டமாரம், ஆடு திரையிலேயே கால் மடக்கி உட்கார்ந்து அசைபோட்டது. நாற்பத்தொரு சத்தம் பார்த்தாயிற்று. கம்ப்யூட்டரை மாற்றினார்கள், அதிலும் உட்கார்ந்தது. ஆட்டை அழித்துவிட்டு வெள்ளிக்கிழமைக்குள் முயல் வரையவேண்டும், இல்லாவிட்டால் வேலை கிடையாது என்றார் மேனேஜர் சக்கரபாணி. "முயலுக்கு வேற ஆளப் பாருங்க சார், ஆடு தாண்டும்" என்று சொல்லி ரெக்கார்டரோடு திண்டிவனத்துக்குப் பஸ் ஏறினாள் அருணா.

அடிமாட்டு விலை கேட்கிற தரகர்களைக் கோவிந்தம்மாள் திட்டுவதில்லை, சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் தரகரின் துண்டு தோளைவிட்டு எழுந்து ரோட்டுக்கு அந்தப்பக்கம் போய் விழும். தரகரும் போய்ப் பொறுக்கிக்கொள்வார். சிரிப்புக்கு ஒன்பதாயிரம் சொன்னவளிடம் அருணா துணிந்து, "ஐந்நூறுக்குக் குடுக்கா" என்றாள். கோவிந்தம்மாள் சிரித்தாள். தராசின் இரண்டு தட்டும் ஒருசேர மேலே போய் நின்றன. ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்ததை அருணா மறைக்காமல் காட்டினாள்.

"அடிப்பாவி, வெல பேசிக்கினே சரக்க எடுத்துக்கினியா? உன்னாண்ட நான் யாவாரம் கத்துக்கணும் போல கீது. துட்டு வாணாம் போ. படத்துல எம்பேரப் போடு. பெருசா."

சிரிப்பைச் சேர்த்ததும் ஆடு எழுந்தது, உடம்பை உதறியது, மதிலைத் தாண்டியது. 'இசை: கோவிந்தம்மாள், மல்லாட்டை வியாபாரம், திண்டிவனம்' என்று அருணா பெரிய எழுத்தில் போட்டாள்.

"மல்லாட்டக்காரி மியூசிக் டைரக்டரா? ஊரே சிரிக்கும்மா."

"சிரிக்கட்டும் சார். கார்ட்டூன்தான?"

சக்கரபாணி பேரை எடுத்தார், ஆடு உட்கார்ந்தது. கம்பெனி பேரைப் போட்டார், உட்கார்ந்தது. கடைசியாகத் தன் பேரையே போட்டார். இந்தத் தடவை ஆடு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. வெள்ளிக்கிழமை படம் கோவிந்தம்மாள் பேரோடு போனது. முயல் வரைய யாரும் வரவில்லை. அருணாவின் நாற்காலி அவளுக்கே இருந்தது.

சக்கரபாணிக்குப் பிறகு வந்த இரண்டு மேனேஜர்களும் ஆளுக்கொரு தடவை கோவிந்தம்மாள் பேரை எடுத்துப் பார்த்தார்கள். ஆக, பேரை எடுத்தது ஐந்து தடவை, ஆடு உட்கார்ந்தது ஐந்து தடவை. இப்போதெல்லாம் புது மேனேஜர் வந்தால் சாவிக்கொத்தோடு சேர்த்து இதையும் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்.