கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கார்

மாஸ்டர் தன் டிரைவிங் ஸ்கூலை மூடியதிலிருந்து கார் வீட்டுப் பக்கவாட்டில், தகரக் கொட்டகைக்குள் சும்மாதான் நின்றது. வெள்ளை கார் என்று வண்டிப் புத்தகத்தில் எழுதியிருந்தது. பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள். மேல்பக்கம் வெளுத்து, தொட்டால் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டியது. கதவுகளின் அடியில் துரு அரித்திருந்தது. நசுங்காத இடம் எங்கே என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"பழைய இரும்புக்குப் போட்டுடுங்க மாமா, இடமாவது மிஞ்சும்" என்று மருமகன் ஒருநாள் சாதாரணமாகத்தான் சொன்னார். மாஸ்டர் அன்று முழுக்க அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் பெயின்ட் பட்டறைக்குப் போனார். அவர்கள் சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய காரே வாங்கிவிடலாம். போன வேகத்திலேயே திரும்பி வந்தவர், சமையலறை வாசலில் நின்றபடி அறிவித்தார்.

"நாமளே அடிச்சுடலாம்."

"நாமன்னா யாரு?" என்றாள் மாஸ்டரம்மா.

"நீயும் நானும்தான். சுவத்துக்கு அடிக்கிற ரோலர் இருக்குல்ல, அதுலயே அடிக்கலாமாம். கேட் பெயின்டைத் தண்ணியா கரைச்சு, ஒவ்வொரு கோட்டிங்குக்கும் நடுவுல தேய்ச்சு தேய்ச்சு அடிச்சா கண்ணாடி மாதிரி வருமாம். வீடியோவுல பார்த்தேன்."

"வீடியோவுல ஆளுங்க ஆகாசத்துலேருந்துகூட குதிக்கிறாங்க" என்றாள் அவள். ஆனாலும் மறுநாள் காலையில் அவருடைய பழைய சட்டை ஒன்றை மேலே மாட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்து நின்றாள்.

அந்தக் காருக்கும் அவளுக்கும் அப்படி ஒரு பழக்கம். பெண்கள் ஓட்டப் பழக வந்தால், துணைக்கு அவளைப் பின்சீட்டில் உட்காரச் சொல்வார் மாஸ்டர். வந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அதனால் மகள் பள்ளிக்கூடம் போன நேரமெல்லாம் மாஸ்டரம்மா பின்சீட்டில்தான் இருந்தாள். வெங்காயம் உரித்தாள், பட்டன் தைத்தாள், எத்தனையோ பெண்களின் மாமியார் கதைகளைக் கேட்டாள். "கிளட்சை மெல்ல விடுங்க, மெல்ல... பூ மாதிரி" என்று மாஸ்டர் சொல்லும்போது அவளுடைய இடதுகாலும் தானாக மெல்ல எழும். ஆனால் ஸ்டியரிங்கை மட்டும் அவள் பிடித்ததே இல்லை. கேட்டபோதெல்லாம், "உனக்கு என்ன அவசரம், வீட்டு வண்டிதானே" என்பார் அவர். காசு கொடுத்தவர்களுக்கு முதலிடம். அது அவளுக்கும் நியாயமாகத்தான் பட்டது. பிறகு கேட்பதையே மறந்துபோனாள்.

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து ஆளுக்கொரு பக்கமாகத் தேய்க்க ஆரம்பித்தார்கள். நசுங்கல்களை மரச்சுத்தியால் தட்டி எடுத்து, மிச்சப் பள்ளத்தில் பட்டி பூசினார் மாஸ்டர். ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு ஆள் இருந்தது.

"இது வக்கீலம்மா" என்றாள் மாஸ்டரம்மா, முன்பக்க மூலையைத் தடவி.

"ஆமா. விளக்குக் கம்பத்துல இடிச்சுட்டு, கம்பம் நிக்கிற இடமே தப்புன்னு ரோட்டுல நின்னு வாதாடினாங்களே!"

"இது நர்ஸம்மா."

"நர்ஸ் பின்னாடி இல்ல?"

"பின்னாடி இடிச்சது பூக்கடைக்காரர் பொண்டாட்டி. நர்ஸம்மா நம்ம வீட்டு கேட்டுலதான் இடிச்சாங்க. இடிச்சுட்டு, எனக்கு அடிபட்டிருக்கான்னு என் நாடியைப் பிடிச்சுப் பார்த்தாங்க. அவங்க கைதான் நடுங்குச்சு."

மாஸ்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. ஸ்கூலை மூடிய பிறகு அவர் பேச்சு குறைந்துபோயிருந்தது. வாசலில் ஏதாவது கார் கியர் மாற்றத் திணறினால் மட்டும் தலையைத் தூக்கிப் பார்ப்பார்.

கதவில் இருந்த ஸ்கூல் பெயரைத்தான் இருவரும் கடைசிவரை தொடாமல் வைத்திருந்தார்கள். சிவப்பு எழுத்து, ஓரங்கள் உரிந்திருந்தன. மாஸ்டர் உப்புத்தாளைக் கையில் எடுத்தார், அப்புறம் கீழே வைத்தார். "டீ போட்டுக் கொண்டு வரேன்" என்று உள்ளே போனார். முப்பது வருடத்தில் அவர் டீ போட்டது அவளுக்கு நினைவில்லை. அவள் கடைசி எழுத்திலிருந்து தேய்த்துக்கொண்டு வந்தாள். சிவப்பு கரைந்து விரலிடுக்கில் ஓடியது. அவர் டீயோடு வந்தபோது கதவு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. டீயில் சர்க்கரை இல்லை. இருவரும் குடித்து முடித்தார்கள்.

அடுத்த வாரம் பெயின்ட் வாங்கப் போன இடத்தில் மாஸ்டர் கெட்டிக்காரத்தனம் ஒன்று செய்தார். யாரோ கலக்கச் சொல்லிவிட்டு வேண்டாம் என்று திருப்பித் தந்த டின் பாதி விலைக்குக் கிடைத்தது. மூடியில் லேசாகச் சாம்பல் தெரிந்ததால், சாம்பல் நிறம் என்று நினைத்து வாங்கிவிட்டார். வீட்டில் குச்சியை விட்டுக் கலக்கக் கலக்க, அடியிலிருந்து வேறொரு நிறம் எழும்பி வந்தது.

"என்னடி இது?"

மாஸ்டரம்மா குனிந்து பார்த்தாள். "கத்தரிப்பூ."

"கத்தரிப்பூ கலர்ல காரா? ரோட்டுல போனா ஊரே சிரிக்கும்!"

"சிரிச்சா சிரிக்கட்டும். எனக்குப் பிடிச்சிருக்கு. திருப்பித் தந்தா கடைக்காரன் வாங்குவானா?"

வாங்க மாட்டான். அதனால் கார் கத்தரிப்பூ நிறமாவது என்று முடிவாயிற்று.

கொட்டகைத் தகரத்திலிருந்து துரு உதிர்ந்து ஈரப் பெயின்டில் ஒட்டியதால், பக்கத்து வீட்டிலிருந்து பேட்டரியை இரவல் வாங்கி மாட்டி, காரைப் பின்னுக்கு எடுத்து முற்றத்தில் நிறுத்தினார் மாஸ்டர். கண்ணாடிகளில் செய்தித்தாள் ஒட்டினார்கள். முதல் இரண்டு கோட்டும் வாழைத்தார் சுமந்தவன் முதுகு மாதிரி திட்டுத்திட்டாகத் தெரிந்தன. மூன்றாவதில் நிறம் பிடித்துக்கொண்டது. கடைசிக் கோட்டைப் பாதிக்கு மேல் அடித்தபோது பெயின்டைக் கரைக்கும் தின்னர் தீர்ந்துவிட்டது.

"காயறதுக்குள்ள ஓடி வந்துடறேன்" என்று சைக்கிளில் கிளம்பினார் மாஸ்டர்.

அவர் தெருமுனை திரும்பியிருக்க மாட்டார், வெயில் மங்கியது. மாஸ்டரம்மா அண்ணாந்து பார்த்தாள். மேற்கே வானம் கறுத்துத் திரண்டிருந்தது. மண்வாசனை காற்றில் வந்துவிட்டது. காரின் மேல்பக்கம் இப்போதுதான் பூசியது. பளபளவென்று ஈரமாக மின்னியது. போர்த்த முடியாது, போர்த்தினால் எல்லாம் துணியோடு வந்துவிடும். தள்ள முடியாது, தொட்ட இடமெல்லாம் கை பதியும். முதல் துளி அவள் மூக்கில் விழுந்தது.

சாவி வண்டியிலேயே இருந்தது.

ஒற்றை விரலால் கதவின் உள்விளிம்பைப் பிடித்துத் திறந்து, உடம்பைக் குறுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். முன்கண்ணாடி முழுக்கச் செய்தித்தாள். உள்ளிருந்து கையை வெளியே வளைத்து, எட்டிய வரை கிழித்தாள். ஒரு முறத்தளவு வெளிச்சம் கிடைத்தது. அது வழியாகக் கொட்டகை தெரிந்தது. அதன் கடைசியில் சுவரும் தெரிந்தது.

'கிளட்சை முழுசா மிதிங்க. நியூட்ரல்தானான்னு பாருங்க. இப்ப சாவி.' அவர் குரல்தான் மனதில் ஓடியது. எஞ்சின் இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. 'முதல் கியர். ஹாண்ட்பிரேக்கை எடுங்க. மெல்ல, மெல்ல... பூ மாதிரி.' அவளுடைய இடதுகால் மெல்ல எழுந்தது. அந்தக் காலுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. கார் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நகர்ந்தது. "ஐயோ, போகுதே!" என்று அவளே உரக்கச் சொன்னாள். கொட்டகைத் தூண் இடப்பக்கம் தாண்டியது. சுவர் பெரிதாகிக்கொண்டே வந்தது. இரண்டு காலையும் சேர்த்து அழுத்தினாள். கார் நின்றது. ஹாண்ட்பிரேக்கை இழுத்து, சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினாள். தகரத்தின் மேல் மழை கொட்ட ஆரம்பித்தது.

கொஞ்ச நேரம் அவளுக்கு இறங்கவே தோன்றவில்லை. ஸ்டியரிங் இத்தனை மெல்லியதா, அங்கங்கே வழவழவென்று தேய்ந்து போனதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எத்தனை பேர் கை வியர்த்த இடம்! வக்கீலம்மா, நர்ஸம்மா, கல்யாணத்துக்கு முதல் நாள்கூடப் பழக வந்த அந்த வாயாடிப் பெண். எல்லோர் பிடரியையும் அவள் பார்த்திருக்கிறாள். அவர்கள் இந்தச் சீட்டிலிருந்து பார்த்தது இதைத்தானா என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கியது. துக்கம் ஒன்றுமில்லை.

மாஸ்டர் தொப்பலாக நனைந்து, சைக்கிளை முற்றத்தில் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். வெறும் முற்றத்தைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார்.

"யாரு எடுத்து விட்டது? பக்கத்து வீட்டுத் தம்பியா?"

"ஏன், எனக்குக் கை கால் இல்லையா?"

அவர் முன்பக்கம் போய்க் குனிந்து, சுவருக்கும் பம்பருக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார். கை போயிற்று. டயர் நேராக நிற்கிறதா என்று பார்த்தார். நின்றது. கடைசியில், "ஹாண்ட்பிரேக் போட்டியா?" என்றார்.

"போட்டேன்."

"கிளட்ச் விடும்போது வண்டி ஆஃப் ஆகலையா? முதல் தடவையே?"

"ஆகல."

மாஸ்டர் தலையிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைக்காமல் அவளையே பார்த்தார். "வக்கீலம்மாவுக்கு இருபது நாள் ஆச்சு" என்றார் மெதுவாக. "நான் சொல்லிக் கொடுத்ததிலேயே நல்லாக் கத்துக்கிட்டது நீதான் போலிருக்கு. எனக்குத்தான் தெரியாம போச்சு."

டிக்கி மூடியில் மட்டும் மழைத்துளி விழுந்து அம்மைத் தழும்பு மாதிரி ஆகிவிட்டது. அதை மறுபடி தேய்த்து மறுபடி அடித்தார்கள். முழுக்கக் காய்ந்து, செய்தித்தாளை எல்லாம் உரித்து, காரை வெயிலில் நிறுத்தியபோது பட்டறை வேலை மாதிரி இல்லைதான். கிட்டப் போய்ப் பார்த்தால் ரோலர் போன தடம் தெரிந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். சிலர் சிரிக்கவும் செய்தார்கள். மருமகன் வந்து இரண்டு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு மாமா, தூரத்துலேருந்து" என்றார். மாஸ்டர் இந்த முறை கோபித்துக்கொள்ளவில்லை.

மாஸ்டரம்மாவுக்குப் பழகுநர் உரிமம் வந்த மறுநாள் காலை, விளையாட்டு மைதானத்துக்குப் பின்னால் இருந்த காலிச் சாலைக்குப் போனார்கள். அவள் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்கு மாற்றினாள். சத்தமே வரவில்லை. மரங்கள் இரண்டு பக்கமும் நிதானமாகப் பின்னால் போயின. மாஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இந்த ரோட்டுலதான் அந்தப் பூக்கடைக்காரர் பொண்டாட்டி ஒருநாள் என்ன பண்ணினா தெரியுமா..." என்று ஆரம்பித்தார்.

"கொஞ்சம் பேசாம வாங்க" என்றாள் அவள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வளைவு வருது."