ஆற்றுக்கு நடந்த வீடும் நான்கு பிளக்குகளும்

தேன்மொழியின் வீடு மதியச் சாப்பாடு முடிந்ததும் ஆற்றை நோக்கி நகரும். ஒரேயடியாக அல்ல, ஒரு நாளைக்கு ஒரு பாய் அகலம். மலேசியாவின் காஹாங் ஊரிலிருந்து செம்பனைக் காட்டுக்குள் போகும் செம்மண் பாதையின் கடைசியில், கட்டைக் கால்கள் மேல் நிற்கும் பலகை வீடு அது. பெரிய வெள்ளத்தின்போது கூரை மட்டும் தெரிய ஒரு வாரம் தண்ணீருக்குள் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு அக்கம்பக்கத்து வீடுகளெல்லாம் சேற்றைக் கழுவிக்கொண்டு பழையபடி இருந்துவிட்டன. இந்த வீட்டுக்கு மட்டும் ஆற்றின் ருசி பிடித்துப்போயிற்று. கம்பத்து ஊர்க்காரர்கள் ஆரம்பத்தில் கூடி வந்து பார்த்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். மின்கம்பியைத் தொய்வாக விட்டுக் கட்டினார்கள். தண்ணீர்க் குழாய்க்கு நீளமான ரப்பர் குழாய் இணைத்தார்கள். பார்சல் கொண்டுவரும் பையன் கிளம்புமுன், "அக்கா, இன்னிக்கு எங்கே இருக்கீங்க?" என்று போன் போட்டுக் கேட்டுக்கொள்வான்.

வீட்டைத் திருப்பி இழுக்கிற வேலையை அவள் கணவர் கனகராஜ் பார்த்துக்கொண்டார். அவரிடம் சாம்பல் நிறத்தில் ஒரு பழைய இங்கிலீஷ் டிராக்டர் இருந்தது. பெட்ரோலில் கிளம்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடும் ரகம். அவர்கள் முன்பு இருந்த எஸ்டேட்டில் தோட்டக் குடியிருப்பை இடித்தபோது இந்த வீட்டைப் பலகை பலகையாகக் கழற்றி ஏற்றி வந்ததும் அதே வண்டிதான். அதனாலோ என்னவோ, வீடு அதற்கு மட்டும்தான் கட்டுப்பட்டது. ஒருமுறை மண் வாரும் பெரிய இயந்திரத்தைக் கொண்டுவந்து இழுத்துப் பார்த்தார்கள், இரும்புக் கயிறு அறுந்ததுதான் மிச்சம். கனகராஜ் காலையில் காப்பி குடித்துவிட்டு, நடுத்தூணில் சங்கிலியை மாட்டி, வீட்டை ஒரு பாய் அகலம் பின்னால் இழுத்து வைத்துவிட்டு வேலைக்குப் போவார். மாடு கட்டுகிற மாதிரி அது ஓர் அன்றாட வேலையாகிப் போயிருந்தது.

போன வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கமும் பேச்சும் போயின. ஆமாம், இல்லை என்று தலையாட்டுவதுகூடப் போய்விட்டது. குளுவாங் மருத்துவமனைக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் பாதை முனையிலுள்ள சிறு பாலத்தைத் தாண்டியதும் கனகராஜுக்கு மூச்சு நின்றது. வண்டியைத் திருப்பி வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்ததும் மூச்சு வந்தது. வண்டியில் வந்த நர்ஸ், இவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆகவே வீடு எங்கே போகிறதோ அங்கேதான் கனகராஜும் போயாக வேண்டும் என்பது தேன்மொழிக்குத் தெளிவாகிவிட்டது. குளுவாங் பிஸ்கட் ஃபேக்டரி வேலையை விட்டாள். டிராக்டரை ஓட்டக் கற்றுக்கொண்டாள். முதல் வாரம் கிளட்சை விடத் தெரியாமல் வாழை மரங்களைச் சாய்த்தாள். அதற்குப் பிறகு கனகராஜ் எஞ்சினில் மாட்டி வைத்திருந்த ஸ்பார்க் பிளக்குகள் உழைக்கிற வரைக்கும் ஒரு குறையும் இல்லை.

வடகிழக்கு மழை தொடங்கும் சமயத்தில் அந்த நான்கு பிளக்குகளும் முனை தேய்ந்து செத்தன. எழுத்தும் எண்ணும் அழிந்துபோயிருந்ததால் அவை என்ன ரகம் என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டு மணியம் தன் வேனில் தேன்மொழியை ஏற்றிக்கொண்டு குளுவாங்கில் சுப்ஹான் பாயின் உதிரிபாகக் கடைக்குப் போனார்.

"தங்கச்சி, திருகு அளவு ஒண்ணுதான். ஆனா கூல் பிளக்கும் இருக்கு, சூட்டு பிளக்கும் இருக்கு," என்றார் சுப்ஹான். "எது போடுவாரு உங்க வீட்டுக்காரரு?"

"தெரியலையே பாய்."

"இந்த வெயில்ல சூட்டு பிளக்கா?" மணியம் குறுக்கே விழுந்தார். "கிழட்டு எஞ்சின் கொதிச்சிரும்லா. கூலா குடுங்க."

"அதுவும் நியாயந்தான்," என்றார் சுப்ஹான்.

கடையில் நின்ற ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை. உடம்பு சூடு என்றால் பார்லித் தண்ணீர், கண் எரிந்தால் இளநீர், தலை கனத்தால் எண்ணெய்க் குளியல் என்று வளர்ந்தவர்கள். இரும்புக்கும் அதே வைத்தியத்தைச் செய்தார்கள். தேன்மொழி இன்னும் ஒருபடி மேலே போய், இருப்பதிலேயே ஆகக் குளிர்ச்சியான நான்கைக் கேட்டு வாங்கினாள். வீட்டுக்கு வந்து பெட்டியைக் கனகராஜின் கண்ணுக்கு நேரே காட்டினாள். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. அவருக்கு எதைக் காட்டினாலும் அப்போது அப்படித்தான் வழிந்தது.

டிராக்டர் கிளம்பியது. வீட்டைப் பாதி தூரம் இழுத்தது. கறுப்புப் புகையாகக் கக்கி இருமி நின்றது. கழற்றிப் பார்த்தால் நான்கு பிளக்கும் அடுப்புக்கரி மாதிரி கறுத்து, எண்ணெயில் நனைந்திருந்தன. "பெட்ரோல்ல கழுவு, சரியாயிரும் தேன்மொழி," என்றார் மணியம். கழுவினாள். மறுநாளும் அதே கதை, அதற்கு மறுநாளும் அதே. அவள் பாதிப் பாய் இழுத்தால் வீடு முழுப் பாய் நடந்தது. மழை விடாமல் பெய்தது, ஆறும் தன் பங்குக்கு வீட்டை நோக்கி வந்தது. கொய்யா மரம் முதலில் பின்வாசலுக்கு எதிரே இருந்தது, பிறகு பக்கவாட்டில் வந்தது, பிறகு முன்வாசலுக்கு முன்னால் போய்விட்டது. தேன்மொழி கோயிலில் நேர்ந்துகொண்டாள், டிராக்டருக்கு எலுமிச்சம்பழம் வெட்டினாள், கடைசியில் அதைக் காலால் உதைத்து வாயில் வந்தபடி ஏசினாள். ஒரு மதியம் வீட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவே போய் நின்று இரண்டு கையாலும் சமையலறைப் படிக்கட்டைப் பிடித்துத் தள்ளினாள். வீடு அவளையும் சேற்றோடு தள்ளிக்கொண்டு போயிற்று, கோபமில்லாமல், கவனிக்காமல்.

அன்றைக்குத்தான் அவள் பிளக்குகளைக் கழற்றி, அப்பளம் சுடும் இடுக்கியால் பிடித்து, கேஸ் அடுப்பில் காட்டினாள். ஈரம் காயட்டும் என்றுதான் நினைத்தாள். கரி எரிந்து உதிர்ந்தது. பழந்துணியில் பொதிந்து ஓடிப்போய், கை சுடச்சுடத் திருகி மாட்டினாள். டிராக்டர் முதல் சுற்றிலேயே கனகராஜ் காலத்துக் குரலில் கத்தியது. கொய்யா மரம் வரை வீட்டை இழுத்துக் கொண்டுவந்தது. அப்புறம் பிளக்குகள் ஆறின, எஞ்சின் இருமியது. அவள் சேற்றில் நின்றபடியே கடைக்குப் போன் போட்டாள்.

"பாய், பிளக்கு சூடா இருக்கிற வரைக்கும் இழுக்குது. ஆறுனா செத்துப்போகுது."

"அலமாக், தப்பாப் போச்சே," என்றார் சுப்ஹான். "தங்கச்சி, அந்த எஞ்சின் எண்ணெய் குடிக்குதா?"

"குடிக்குது. முன்னாடியெல்லாம் புகை நீலமாத்தான் வரும்."

"எண்ணெய் குடிக்கிற எஞ்சினுக்கு நுனி நல்லா சூடானாத்தான் கரியை அதுவே எரிச்சுக்கும். வெயிலுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. மணியம் பேச்சைக் கேட்டு நானும் தலையாட்டிட்டேன் பாரு!"

மறுநாள் மழையில் நனைந்துகொண்டு அவரே மோட்டார் சைக்கிளில் வந்தார். சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. வீடு கொய்யா மரத்தைத் தாண்டி, பின்கால்களைத் தண்ணீருக்குள் வைத்திருந்தது. அவரிடம் இருந்தது ஒரே ரகம், ஆகச் சூடானது. நடுத்தரமானது மூவாரிலிருந்து திங்கட்கிழமை வரும், அதுதான் இந்த வண்டிக்குப் பொருத்தம் என்றார். இதைப் போட்டு இழுத்தால் பிளக் நுனி வெந்து வெளுத்துவிடும், பிஸ்டனில் ஓட்டை விழும், அதற்குப் பிறகு வண்டி வெறும் இரும்புதான் என்றும் சொன்னார்.

"திங்கக்கிழமை வீடு எங்கே இருக்கும், பாய்?"

சுப்ஹான் ஆற்றைப் பார்த்தார். சமையலறைப் படிக்கட்டு அவர் கண்ணெதிரே மிதந்து போய்க்கொண்டிருந்தது. பெட்டியை நீட்டினார்.

தேன்மொழி நான்கையும் மாட்டினாள். சங்கிலியை நடுத்தூணில் கோத்தாள். அதற்குள், என்றைக்கும் இல்லாத வேகத்தில், சமையலறை முழுவதும் கரையைத் தாண்டி ஆற்றுக்கு மேலே போய்விட்டது. கனகராஜ் படுத்திருந்த அறையின் பாதியும் போய்விட்டது. டிராக்டர் கிளம்பிய சத்தத்தில் செம்பனை மரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. சங்கிலி விறைத்தது. வீடு நின்றது. அதற்கு மேல் அது வரவுமில்லை, போகவுமில்லை. தேன்மொழி விசையைக் கூட்டக் கூட்ட, தகரத்தில் கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி எஞ்சினுக்குள் தட்டியது. "நிறுத்து தங்கச்சி, வேகுது!" என்று சுப்ஹான் கத்தினார். அவள் நிறுத்தவில்லை. வேகட்டும் என்று நினைத்தாள், தானும் வேகத் தயார் என்று நினைத்தாள், ஜன்னல் வழியே தெரிந்த கனகராஜின் இடது கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எஞ்சின் மூடி பழுக்கக் காய்ந்து, விழுந்த மழை ஆவியாகிப் பறந்தது. பிறகு ஒரு வெடிச் சத்தம். டிராக்டர் நின்றுபோயிற்று.

வீடு விழப்போகிறது என்று சத்தம் கேட்டுக் கூடியிருந்த எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். தேன்மொழி மட்டும் மூடவில்லை. அதனால் ஒன்றும் நடக்காததை முதலில் பார்த்தவள் அவள்தான். செத்த டிராக்டர் கரையில் நின்றது, பாதி வீடு ஆற்றின் மேல் நின்றது, நடுவில் சங்கிலி கோடு கிழித்த மாதிரி விறைப்பாக நின்றது.

இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறது. மூவார் பிளக்குகளை சுப்ஹான் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார். எஞ்சினைத் திறந்து பார்த்த மணியம், பிஸ்டனில் கட்டைவிரல் நுழைகிற ஓட்டை என்றார். மூவார் பிளக் பெட்டி பிரிக்காமல் சாமி மாடத்துக்குக் கீழே இருக்கிறது. சமையலறைச் சுவரிலுள்ள மின்சார மீட்டரைப் பார்க்க வருகிறவர் படகில் வந்து எழுதிக்கொண்டு போகிறார். சமையலறை ஜன்னலிலிருந்து தூண்டில் போட்டால் சில நாள் கெளுத்தி கிடைக்கும். டிராக்டர் அதன் பிறகு ஒருநாளும் ஓடவில்லை, ஒருநாளும் ஆறவும் இல்லை. தேன்மொழி காலையில் கேத்தலை எஞ்சின் மேல் வைத்துத்தான் காப்பித் தண்ணீர் காய்ச்சுகிறாள். மதியம் கனகராஜுக்குச் சோறு ஊட்டி வாயைத் துடைத்துவிடும் நேரத்தில் வீடு ஒருமுறை சங்கிலியை இழுத்துப் பார்க்கும். தேன்மொழி தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். வீடு நின்றதும் தட்டைக் கழுவப் போவாள்.