ஆரஞ்சு சிம்னி

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே உறுதியில்லை. கிரேஸ் சொல்லி ஒரு முறையும், அவள் கணவர் எபினேசர் சொல்லி இரண்டு முறையும் கேட்டிருக்கிறேன். அவர்கள் மகள் வீட்டுக்கு ஏறும் படிக்கட்டில் நூற்றைம்பது படிகள் என்றாள் அவள். இருநூறுக்குக் குறையாது என்றார் அவர். அன்று வெயிலா மேகமூட்டமா என்பதில்கூட இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. நான் பெரும்பாலும் கிரேஸ் சொன்னபடியே சொல்கிறேன். அந்த நடைக்கு ஆசைப்பட்டவள் அவள்தான்.

கொரியாவில் பூசான் என்ற துறைமுக நகரம். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலையில் இருந்தாள் அவர்களின் ஒரே மகள் சோனியா. முப்பது நாள் தங்கிப் போகலாம் என்று அம்மாவையும் அப்பாவையும் கும்மிடிப்பூண்டியிலிருந்து வரவழைத்திருந்தாள். ஆனால் முதல் எட்டு நாளும் அவர்களைத் தனியாக வெளியே விடவில்லை. மொழி தெரியாது, ஊர் தெரியாது, நைனாவுக்கு முழங்கால் வலி வேறு என்பாள். மலைச்சரிவில் ஏழாவது மாடியில் வீடு. காலையில் போனால் மாலை ஆறரைக்குத்தான் திரும்புவாள். அதுவரை இருவரும் பால்கனியில் நாற்காலி போட்டு, கீழே தெரியும் ரயில் நிலையத்தையும் அதற்கப்பால் கடலையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எபினேசர் அதிகம் பேசுகிறவர் இல்லை. கிரேஸுக்கும் அது பழகியிருந்தது.

எபினேசர் முப்பத்தியோரு வருடம் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பி மில்லில் வேலை பார்த்தவர். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். கிரேஸ் அதே சிப்காட்டில் பிஸ்கட் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் பகல் வேலை. ஒருவர் செருப்பைக் கழற்றும்போது மற்றவர் மாட்டிக்கொண்டிருப்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போதும் அவர் பத்தடி முன்னால் போவார். பின்னந்தலையைப் பார்த்தபடி அவள் போவாள். கல்யாணமாகி முப்பத்துநாலு வருடத்தில் இருவரும் சேர்ந்து, எங்கே போகிறோம் என்ற யோசனை இல்லாமல், சும்மா நடந்தது கிடையாது. போன வருடம் அவர் ஓய்வு பெற்றபோது கிரேஸ் மனதில் நினைத்துக்கொண்டது அது ஒன்றைத்தான். யாரிடமும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் சாப்பிடும்போது மகளிடம் கேட்டேவிட்டாள்.

"ஊட்லயே குந்திகினு இருக்கறதுக்கா இவ்ளோ தூரம் பிளேன் ஏறி வந்தோம்?"

சோனியா ஒரு நிபந்தனை போட்டாள். நாளைக்கு ஒரு நாள் போய்ப் பார்க்கலாம். ஆனால் அவள் வேலை முடிந்து வருவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும். தொலைந்துவிட்டோம் என்று அவளுக்குப் போன் வந்தால் அத்தோடு சரி. மிச்சமிருக்கும் இருபத்தொரு நாளும் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் அவள் கூட வந்தால்தான் வெளியே. கொரிய எழுத்தில் வீட்டு முகவரியை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். அவள் நம்பரை மட்டும் போட்டு ஒரு பழைய போனையும், அன்றைக்கு மட்டும் என்று ஒரு வீட்டுச் சாவியையும் நைனாவிடம் கொடுத்தாள்.

மறுநாள் கிளம்பும்போது அந்தக் காகிதம் ஃபிரிட்ஜிலேயே இருந்தது. எபினேசர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு வழி தெரிந்திருந்தது.

கும்மிடிப்பூண்டியில் அவர் சைக்கிள் போன இடமெல்லாம் சிம்னியை வைத்துத்தான். எந்த மில் சிம்னி எந்தப் பக்கம் என்று பார்த்தால் போதும், வீடு எந்தப் பக்கம் என்று சொல்லிவிடுவார். ரயிலில் வரும்போது தூங்கிவிட்டாலும் கண் திறந்ததும் வள்ளூர் அனல் மின்நிலையத்தின் சிம்னியைத் தேடுவார். பூசானில் அதுவரை வழி தேட வேண்டியிருக்கவில்லை; அன்று காலை தேடியதும் அங்கேயும் ஒன்று கிடைத்தது. ரயில் நிலையத்துக்கு நேர் பின்னால், கட்டடங்களுக்கு மேலே, பெரிய ஆரஞ்சு நிறச் சிம்னி. நடுவில் இரண்டு வெள்ளைப் பட்டை. மெல்லப் புகையும் விட்டுக்கொண்டிருந்தது.

"அது இருக்கற வரைக்கும் நாம தொலைய மாட்டோம், வாமே" என்றார்.

படிக்கட்டு வழியாக இறங்கினார்கள். பக்கத்திலேயே மலைச்சரிவில் சாய்வாக ஏறி இறங்கும் கண்ணாடி லிஃப்ட் ஒன்று இருந்தது. இறங்குவதற்கு அது வேண்டாம் என்றாள் கிரேஸ். அவள் ஒரு படியைக்கூட விடத் தயாராக இல்லை.

அன்று அவர்கள் பார்த்ததை எல்லாம் சொன்னால் நீளும். ஒரு சந்தில் வீட்டு வாசல்தோறும் பூந்தொட்டிக்குப் பதிலாக மிளகாய்ச் செடி வைத்திருந்தார்கள். ஒரு கோயில் சுவரில் காகித விளக்குகள். கருவாட்டுக் கடைத் தெருவில் நெத்திலியைப் பெரிசு, நடுத்தரம், பொடி என்று பிரித்து அட்டைப்பெட்டியில் அடுக்கியிருந்தார்கள். கிரேஸ் பெட்டி பெட்டியாக நின்று பார்த்தாள். கடைக்காரப் பெண் ஒரு நெத்திலியைத் தின்னக் கொடுத்தாள். கிரேஸ் தின்றுவிட்டு, உப்புக் கம்மி என்று தமிழிலேயே சொன்னாள். அந்தப் பெண் கொரிய மொழியில் ஏதோ பதில் சொன்னாள். இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

எபினேசர் பழக்கம் போல முன்னால் போய்விடுவார். பத்தடி போனதும் நின்று, இடது பக்கமோ வலது பக்கமோ எட்டிப் பார்த்து, சிம்னி தெரிகிறது என்று கையைக் காட்டுவார். பிறகு சந்துகள் வளைந்தன. கட்டடங்கள் உயரமாயின. கொஞ்ச நேரம் அவர் கையைக் காட்டவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.

நாலரை மணிக்குத் திரும்பலாம் என்றார். கடல் தெரியும் ஒரு தெருமுனைக்கு வந்து நின்றார். நின்றவர் நகரவில்லை. கிரேஸ் பக்கத்தில் போய் நின்று அவர் பார்த்த திசையில் பார்த்தாள். கூரைகள் இருந்தன, கிரேன்கள் இருந்தன, வானம் இருந்தது. சிம்னி இல்லை.

"இடிச்சிட்டாங்களா?" என்றாள்.

அவர் கடல் பக்கம் விரலை நீட்டினார். துறைமுகத்தின் தடுப்புச் சுவரைத் தாண்டி, வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய கப்பல் போய்க்கொண்டிருந்தது. அதன் முதுகில் ஆரஞ்சு நிறச் சிம்னி. நடுவில் இரண்டு வெள்ளைப் பட்டை.

இருவரும் அது சின்னதாகும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"முப்பத்தியோரு வருசமா சிம்னி பாக்கறேன்" என்றார் எபினேசர் மெதுவாக. "ஒண்ணுகூட எழுந்து போனது இல்ல."

கிரேஸுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அங்கிருந்த மதில் சுவரில் சாய்ந்து கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். அவரும் கடைசியில் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். கிரேஸ் சட்டென்று அவர் கையைப் பிடித்தாள். இருபத்தொரு நாள் அந்தப் போனுக்குள் இருந்தது.

"அத்த உள்ள வைங்க" என்றாள்.

அதன் பிறகு ஒரு மணி நேரம் அலைந்தார்கள். பார்த்த தெருவே திரும்பத் திரும்ப வந்தது. எபினேசர் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு ஒரு கடையோரம் உட்கார்ந்தார். கிரேஸ் எதிர்ச் சாரியைப் பார்த்தபடி நின்றாள். ஐந்தரை மணி இருக்கும். முதுகில் கம்பெனிப் பெயர் எழுதிய சாம்பல் நிறச் சட்டையில் நாலைந்து பேர் போனார்கள். பின்னால் பத்துப் பேர். அப்புறம் தெரு நிறைய. யாரும் கடைகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாருக்கும் ஒரே வேகம். சிக்னலில் மட்டும் அரை ஓட்டம். கையில் வைத்திருந்த சாப்பாட்டுப் பைகள் காலியாக ஆடின.

இருபத்தெட்டு வருடம் அவள் அப்படித்தான் நடந்திருந்தாள்.

"ஏந்திருங்க. ஷிப்ட் வுட்டுட்டாங்க."

"வுட்டா நமக்கு இன்னா?"

"இவங்க ரயிலப் புடிக்கப் போறாங்க. ரயிலடிக்குப் போய்ட்டா ஊடு எனக்குத் தெரியும்."

கம்பெனி பஸ்ஸுக்குப் போகிறவர்களாக இருந்தால் என்ன செய்வது என்று அவர் சந்தேகப்பட்டார். பஸ்ஸுக்குப் போகிறவன் இப்படி ஓட மாட்டான், பஸ் அவனுக்காக நிற்கும், ரயில்தான் யாருக்கும் நிற்காது என்றாள் கிரேஸ். சொல்லிக்கொண்டே கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டாள். அன்று முதல் முறையாக அவள் முன்னாலும் அவர் பின்னாலும் போனார்கள். கொஞ்ச தூரம் போனதும் அவள் வேகத்தைக் குறைத்தாள். அவர் பக்கத்தில் வந்து சேர்ந்தார். அப்படியே நடந்தார்கள்.

முக்கால் மணி நேரத்தில் ரயில் நிலையம் வந்தது. மணி ஆறேகால். படிக்கட்டை நெருங்கும்போது எபினேசர் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அவர்களுக்கு முன்னால், முப்பதடி தூரத்தில், காதில் பாட்டு மாட்டிக்கொண்டு சோனியா படியேறிக்கொண்டிருந்தாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு முழங்கால் வலியையும் மறந்து லிஃப்ட்டை நோக்கி ஓடினார்கள். கண்ணாடிப் பெட்டி மெதுவாக ஏறியது. பக்கத்திலேயே படிக்கட்டு, படிக்கட்டில் மகள். சர்ச்சுக்குப் போட்டுப்போகும் மஞ்சள் பூப்போட்ட சட்டையோடு எபினேசர் தரையில் குந்தினார். கிரேஸ் அவர் தோளுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு கண்ணால் மட்டும் பார்த்தாள். பாதி வழியில் சோனியா குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவிழ்த்து மறுபடியும் கட்டினாள்.

சோனியா கதவைத் திறந்தபோது இருவரும் பால்கனி நாற்காலியில் இருந்தார்கள். மூச்சு மட்டும் இன்னும் அடங்கவில்லை. எங்கே எல்லாம் போனீர்கள் என்று கேட்டாள். கிரேஸ் நெத்திலியில் ஆரம்பித்தாள். எபினேசரால் தாங்க முடியவில்லை.

"சிம்னி போயிடுச்சும்மா" என்றார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். லிஃப்ட் உட்பட.

கிரேஸ் கண்ணை மூடிக்கொண்டாள். இருபத்தொரு நாளும் போயிற்று என்று நினைத்தாள்.

சோனியா தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு பையிலிருந்து வீட்டின் இன்னொரு சாவியை எடுத்து அம்மா மடியில் வைத்தாள்.

"எனக்குப் போன் வரல. நான் வர்றதுக்குள்ள ஊட்ல இருந்தீங்க. அவ்ளோதான் சொன்னேன்" என்றாள். "ஆனா நைனா, அந்தச் சட்டையப் போட்டுகினு ஒளியாத. ஷூ கயிற எத்தினி வாட்டிதான் கட்டறது?"

மழை பெய்த இரண்டு நாள் தவிர மற்ற எல்லா நாளும் அவர்கள் நடந்தார்கள். அந்த நடைக்கு மூன்றாம் நாள் காலை, ஜப்பானுக்குப் போய்வரும் அந்தக் கப்பல் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றது. எபினேசர் இந்த முறை அதை நம்பிக் கிளம்பவில்லை. முகவரிக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். சோனியா அடுத்த வருடம் ஊர் திரும்பினாள். இப்போது சென்னையில் வேலை, திருநின்றவூரில் வீடு. எபினேசருக்கு ஒரு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து சரியாகிவிட்டது. கிரேஸ் பிஸ்கட் கம்பெனி வேலையை விட்டுவிட்டாள். தினமும் சாயங்காலம் இருவரும் கும்மிடிப்பூண்டி ரயில் நிலையம் வரை நடந்து போய்த் திரும்புகிறார்கள். சில நாள் அவர் மறந்துபோய்ப் பத்தடி முன்னால் போய்விடுவார். அவள் அங்கேயே நின்றுவிடுவாள். அவர் திரும்பி வருவார்.