கைமாறும் சிப்பி

எதிரே வரப்போகும் கை சின்னதாக இருக்குமா, வியர்த்திருக்குமா? வரிசையில் நின்ற ஜெயபிரியாவுக்கு வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

பத்தாம் வகுப்பு முடித்து மாற்றுச் சான்றிதழும் வாங்கியாயிற்று. ஆனாலும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நாளில், குட்டையாகிப்போன பழைய சீருடையைப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை வந்தாக வேண்டும். தூத்துக்குடி முடிந்து உப்பளம் தொடங்கும் இடத்தில் இருக்கும் அந்த அரசு உயர்நிலைப் பள்ளியின் வழக்கம் அது. ஆறாம் வகுப்பில் சேர்ந்த அன்று கையில் வைக்கப்பட்ட முத்துச் சிப்பியைப் படிப்பு முடியும் வரை வைத்திருந்து, புதிதாக வருகிற பிள்ளையின் கையில் வைக்க வேண்டும். பெயர் கேட்கக் கூடாது. ‘பிடிச்சுக்கோ’ என்ற ஒரு வார்த்தைதான்.

முதன்முதலில் அந்தச் சிப்பிகளைக் கொண்டுவந்தவர்கள் முத்துக்குளிக்கப் போனவர்களின் பிள்ளைகள் என்பார்கள். முத்துக்குளிப்பு நின்று எவ்வளவோ காலமாயிற்று. சிப்பிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருந்தன.

அவளுடைய சிப்பியின் உட்பக்கத்தில் ஓரிடம் வழுவழுவென்று குழிந்திருக்கும். பரீட்சைக்கு முன் பயம் வந்தால் பெருவிரலை அங்கேதான் வைப்பாள். ஏழாம் வகுப்பில் ஒருநாள் திடீரென்று உறைத்தது. அந்தக் குழியை அவள் தேய்க்கவில்லை. அவளுக்கு முன்னால் பயந்த ஒவ்வொருவரும் அங்கேதான் விரலை வைத்திருக்கிறார்கள். முகம் தெரியாத ஒரு கூட்டம் அவளோடு பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பதுபோல உடம்பு சிலிர்த்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. சிலிர்ப்பும் இன்றுவரை அடங்கவில்லை.

மணி அடித்தது. புதுப் பிள்ளைகள் எதிர்வரிசையாக வந்து நின்றார்கள். மைதானம் முழுக்க அத்தனை பேர் இருந்தும் கடல்காற்று மட்டும்தான் கேட்டது. வரிசையின் மறுமுனையில் தொடங்கி ‘பிடிச்சுக்கோ’, ‘பிடிச்சுக்கோ’ என்று மெல்லிய குரல்கள் நெருங்கி நெருங்கி, பக்கத்தில் நின்ற தோழி பேச்சிச்செல்வி வரைக்கும் வந்தன. கடைசி ஆளான ஜெயபிரியாவுக்கு எதிரே வெறும் மணல்.

வேன் அனுப்பும் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் போய்விட்டார்கள். இத்தனை காலத்தில் முதல்முறையாக ஒரு கை குறைந்திருந்தது.

“ஏளா, உன் சிப்பிக்கு மட்டும் மாப்பிள்ளை அமையலையே,” என்று பேச்சிச்செல்வி காதோரம் கிண்டலடித்தாள். பிறகு ஜெயபிரியாவின் முகத்தைப் பார்த்துவிட்டு அவளை ஒட்டி நின்றுகொண்டாள்.

தலைமையாசிரியர் சங்கரலிங்கம் அவளைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். ஒரு பிள்ளை குறையும் என்று சேர்க்கையின்போதே தெரிந்ததால், மிஞ்சும் சிப்பிக்காகப் பழைய மாணவர்கள் செய்து கொடுத்த கண்ணாடிப் பெட்டி அங்கே தயாராக இருந்தது. சிவப்பு வெல்வெட், உள்ளே குட்டி விளக்கு. நீயோ நாசரேத்தில் விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறவள், வழியில் தொலைந்துபோனால் திரும்பக் கிடைக்குமா, இங்கே என்றால் வருகிறவர்களெல்லாம் பார்ப்பார்கள் என்று கனிவாகவே சொன்னார். அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்த வெளிச்சத்தில் சிப்பியின் நிறங்கள் எப்படி மின்னும் என்றுகூட நினைத்துப் பார்த்தாள். ஆனால் கண்ணாடிக்குள் யாருடைய பெருவிரலும் போகாது.

“வைம்மா,” என்று அவர் பெட்டியின் கதவைத் திறந்து பிடித்தார்.

குழிக்குள் அவள் விரல் தானாகப் போய் உட்கார்ந்தது.

“அடுத்த ஜூன்ல வாரேன் சார்.”

“அப்பவும் பிள்ளை குறைஞ்சா?”

“அதுக்கடுத்த ஜூன்லயும் வாரேன்,” என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, கையை மூடிக்கொண்டாள்.