ஊரில் இல்லாத நாள்

1.

இந்தக் கதை ஒட்டுக்கேட்டதில் கிடைத்தது. மயிலாப்பூரில் ஒரு மகப்பேறு மருத்துவரின் அறைக்கு வெளியே, தங்கையின் முறைக்காகக் காத்திருந்தேன். சரியாகச் சாத்தாத கதவுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல்: "நான் ஊர்லயே இல்லையே, டாக்டர்." காத்திருந்த அத்தனை பேரும் கையிலிருந்த போனைக் குனிந்து பார்த்தோம். எங்களுக்கே வெட்கமாக இருந்தது. நான் கேட்டது அந்த ஒரு வாக்கியம்தான். மற்றதெல்லாம் என் கற்பனை.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தி. நகர் ஜவுளிக்கடை முதலாளி பொன்ராஜ் சந்தேகப் பிராணி. மனைவி ஜெயபாரதியை அவன்...'

இல்லை. வில்லன் என்றால் எழுத எளிது, ஆனால் பொன்ராஜ் அதற்கு ஒத்துழைக்கவில்லை. அவன் சாது. மனைவிமேல் உயிரையே வைத்திருக்கிறான். அம்மா பேச்சைத் தட்டியதில்லை. தட்ட வேண்டியிருந்தால் அம்மாவுக்குத் தெரியாமல் தட்டுவான். கதையே அதில்தான் இருக்கிறது.

போன வருடம் ஜெயபாரதிக்கு ஒரு கரு கலைந்துவிட்டது. அதனால் இம்முறை நாள் தள்ளிப்போனது தெரிந்ததுமே அவன் அம்மா கட்டளையிட்டுவிட்டார். கோயில் கொடைத் திருவிழாவுக்காகத் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குப் போயிருந்தவர், சூரத்துக்குச் சேலை கொள்முதலுக்காகப் போயிருந்த மகனைப் போனில் கூப்பிட்டார். "ஏல, மூணு மாசத்துக்கு அவ பக்கத்துல படுக்கப்படாது, கேட்டியா?"

"சரிம்மா," என்றான். மறுநாளே யாரிடமும் சொல்லாமல் விமானம் ஏறினான். அவளைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நினைப்பு. ஒரு பகல் வீட்டிலிருந்தான். பார்த்ததோடு நிற்கவில்லை. சாயங்காலமே சூரத்துக்குத் திரும்பிவிட்டான். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது.

3.

இனி அந்த அறை. பொன்ராஜ், ஜெயபாரதி, கூடவே அம்மாவும். முதல் ஸ்கேனில் ஒரு குழந்தைதான் என்றார்கள். இப்போது இரண்டு. ஒன்றைவிட மற்றது மூன்று வாரம் இளையதுபோல் சிறுத்திருந்தது.

"சின்னது சரியா வளரலையோன்னுதான் நான் முதல்ல பார்ப்பேன்," என்றார் டாக்டர் அஃப்சருன்னிசா. "இன்னொண்ணும் உண்டு. ரொம்ப ரொம்ப அபூர்வம். ஒரு கரு வயித்துல இருக்கும்போதே இன்னொண்ணு தரிக்கிறது. நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை."

(இது நடக்குமா என்று நானும் தேடிப் படித்தேன். கரு தரித்ததும் உடல் கதவைச் சாத்திக்கொள்கிறது. முட்டை வெளிவருவது நிற்கிறது. கருப்பையின் வாய் அடைபடுகிறது. ஒருவகைக் காட்டுமுயல் இதை மீறுமாம். மனிதர்களில் விரல்விட்டு எண்ணலாம், அவற்றிலும் சிலவற்றைச் சந்தேகிக்கிறார்கள். இதை எழுதும்போது ஓர் அறிவாளியின் நிம்மதி எனக்கு. பொன்ராஜுக்கு அது இல்லை.)

அம்மா மனதுக்குள் கணக்குப் போட்டார். மெல்லத் திரும்பி மகனைப் பார்த்தார்.

"மூணு வாரம் பொறவு தரிச்சதுன்னா... அப்பம் நீ சூரத்துலல்லா கெடந்த?"

அந்தப் பார்வைக்கு முன்னால் பொன்ராஜ் பள்ளிக்கூடப் பையனாகிவிட்டான். தான் கட்டளையை மீறவில்லை என்று நிரூபிப்பது மட்டுமே அந்தக் கணம் அவனுக்கு வேண்டியிருந்தது.

"ஆமாம்மா. நான் ஊர்லயே இல்லையே, டாக்டர்."

சொல்லி முடித்த பிறகுதான் அது எங்கே போய் விழுந்தது என்று பார்த்தான். ஜெயபாரதி அவனைப் பார்க்கவில்லை. 'நீங்க வந்தீங்கள்லா' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"டாக்டர், சின்னதுக்கு நெஞ்சு துடிக்குதுல்லா?" என்று மட்டும் கேட்டாள்.



4.

இங்கே அவனைப் பேசவைக்கப் பார்த்தேன். 'வீட்டுக்கு வந்ததும் பொன்ராஜ் அம்மாவின் காலடியில் அமர்ந்து...' பொய். அவன் பேசவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டான். அம்மா மருமகளுக்குச் சாப்பாடு வைத்தார், மாத்திரை எடுத்துக்கொடுத்தார். முகம் மட்டும் கொடுக்கவில்லை. கடையில் முகூர்த்தப் பட்டுச்சேலையை விரித்துக் காட்டும்போதெல்லாம், 'ஊர்லயே இல்லையே' என்ற தன் குரல் பொன்ராஜுக்குக் கேட்டது. சின்னது இளையதாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டான், நோஞ்சானாக இல்லாமல் பிழைக்குமே என்று. அடுத்த நொடியே, அப்படி இருந்தால் வாயைத் திறக்க வேண்டுமே என்று பயந்தான். தன் பிள்ளை விஷயத்தில் இப்படியும் ஒரு பயமா என்று கூனிக்குறுகினான்.

5.

அடுத்த முறை டாக்டர், முதல் ஸ்கேனின் பழைய பதிவை வாங்கிப் பார்த்திருந்தார்.

"அப்பவே ரெண்டும் இருந்திருக்கு. ஒண்ணு ஓரமா மறைஞ்சிருந்ததைக் கவனிக்காம விட்டுட்டாங்க. அப்போ ரெண்டும் ஒரே அளவு, அதனால ரெண்டும் ஒண்ணாத் தரிச்சதுதான். சின்னதோட நஞ்சுக்கொடி சின்னதா இருக்கு, சத்து கம்மியாப் போகுது. அடிக்கடி பார்த்துக்கிட்டே இருப்போம்."

(பயப்படாதீர்கள். இரண்டும் பிறந்தன. சின்னது கொஞ்ச காலம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு வந்தது. கதாசிரியனாக இந்த ஒன்றை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.)

வெளியே வந்ததும் அம்மாவின் முகம் மலர்ந்திருந்தது. "இருடி, பூ வாங்கிட்டு வாரேன்," என்று மாடவீதியைக் கடந்து போனார். காருக்குப் பக்கத்தில் இருவர் மட்டும்.

"அம்மாகிட்ட சொல்லிரட்டுமா, பாரதி?"

"என்னத்த?"

"அன்னைக்கி நான் வந்தத."

அவள் எதிரே கோயில் குளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்காகச் சொன்னதா இருக்கும். இனி சொன்னா, உங்க மனசு ஆறணும்னு சொல்றது."

"அப்பம் சொல்லாண்டாமா?"

"அதையும் நானா சொல்லணும்?"

6.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் சொல்கிறான், அம்மா பூவோடு நின்றுவிடுகிறார். ஒன்றில் சொல்லவில்லை, எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். அதைத்தான் அடித்துப்போடவும் கை வரவில்லை, படிக்கவும் முடியவில்லை.

அம்மா பூவோடு சாலையைக் கடந்து வந்துகொண்டிருக்கிறார். ஓர் ஆட்டோ கடந்துபோகட்டும் என்று நிற்கிறார். இனி ஒரே வாக்கியத்தில் காரருகே வந்துவிடுவார். அந்த வாக்கியத்தை நான் எழுதப்போவதில்லை. பொன்ராஜின் இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். ஆட்டோ போய்விட்டது.