நோன்பு நேரத்துப் பச்சை

குழாயில் ஊதினால் நோன்பு முறியுமா என்று பஷீர் கேட்டதும் கிளினிக் நர்ஸ் ஜெயலெட்சுமி மிஸ்ஸிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வெளிய தானே ஊதப் போறீங்க அண்ணே? உள்ள ஒண்ணும் போகாதுலா. ஊதுங்க."

ஊதினார். போன இரண்டு முறையும் சிவப்பாக எரிந்த கருவி இந்த முறை பச்சை காட்டியது. மூச்சில் சிகரெட் புகை இல்லை என்று அர்த்தம். மிஸ்ஸி கைதட்டாத குறைதான். பெருநாள் கழிந்ததும் ஆபரேஷன் என்று தேதியையும் உறுதிசெய்து கொடுத்தாள்.

பஷீரின் வலது காலில் ரத்தக்குழாய் அடைத்துப் போயிருந்தது. நாசி கண்டார் சோற்றுக்கடையில் இருபது வருஷமாக நின்றபடியே குழம்பு ஊற்றிய கால். இப்போது சூலியா தெருவைக் கடப்பதற்குள் ஆடுசதை கல்லாக இறுகிவிடும். கடைகளை வேடிக்கை பார்ப்பதுபோல் நின்று நின்றுதான் நடப்பார். புகையை விடாமல் ஆபரேஷன் செய்தால் புதிதாகப் பொருத்தும் ரத்தக்குழாயும் அடைத்துக்கொள்ளும், அப்புறம் காலையே எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

புகையை விடத் தோளில் நிகோடின் பட்டை ஒட்டிப் பார்த்தார். சூயிங்கம் மென்று பார்த்தார். எதுவும் நிலைக்கவில்லை. ரமலான் பிறந்தபோது, பகல் முழுக்கத் தொடாமல் இருக்க முடிகிறதே, இதோடு தலைமுழுகிவிடலாம் என்று நம்பினார். முதல் நாளே, நோன்பு திறந்த பேரீச்சம்பழத்தின் கொட்டையைத் துப்பிய கையோடு, பள்ளிவாசலுக்குப் பின்பக்கம் போய்ப் பற்றவைத்தார். பகலில் விட்டதை இரவில் வட்டியோடு இழுத்தார். சாயங்காலம் ஊதினால் பச்சை வராமல் என்ன செய்யும்?

ஏமாற்ற நினைத்து அவர் போகவில்லை. கிளினிக்கில் கொடுத்த நேரம் அது. ஆனால் பச்சையைக் கண்டதும் வாய் திறக்கவில்லை.

வீட்டில் சுலைஹா கோலாலம்பூரிலிருக்கும் மகள் ஷாஹிராவுக்கு உடனே போன் போட்டுச் சொன்னாள். நோன்புக் கஞ்சியோடு இறால் வாடா பொரித்து, பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தாள். பஷீர் தன் வாடாவைத் தட்டிலேயே வைத்தார்.

"சுலைஹா, அந்தப் பச்சை நெசமில்ல. நோன்பால வந்தது."

"தெரியும்."

"தெரிஞ்சுமா மகளுக்குச் சொன்ன?"

"உங்க சட்டையத் துவைக்கிறது யாரு? ஒரு நாளாச்சும் அவகிட்ட நல்ல சேதி சொல்லணும்போல இருந்துச்சு. சொல்லிட்டேன்."

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலாம். இன்றிரவு தொடுவதில்லை என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டார். தராவீஹ் தொழுகை முடிந்து படியிறங்கும்போதே அது போயிற்று.

மறுநாள் கிளினிக் கதவு திறந்ததும் போய் நின்றார். விடியுமுன் சஹர் முடியும்வரை இழுத்த புகை நெஞ்சில் அப்படியே இருந்தது.

"இப்ப ஊதுறேன் மிஸ்ஸி. இதுதான் கணக்கு."

சிவப்பு.

ஜெயலெட்சுமி கோபப்படவில்லை. டாக்டரிடம் சொல்லித் தேதியை ரத்து செய்ய வேண்டியிருக்கும், அடுத்தது எப்போது கிடைக்கும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள். பெருநாள் முடிந்து வந்து திரும்ப ஊதச் சொன்னாள்.

"அப்பவும் சிவப்பு வந்தா?"

"நான் காத்திருப்பேன் அண்ணே. கால் காத்திருக்குமான்னுதான் தெரியல."

பஸ் நிறுத்தம் வரைக்கும்கூடக் கால் ஒத்துழைக்கவில்லை. சுவரைப் பிடித்தபடி வீட்டிலிருந்த சுலைஹாவுக்குப் போன் செய்து, சிவப்பு என்றார்.

"ஷாஹிராகிட்ட இப்பச் சொல்லாதீங்க. பெருநாள் வரைக்குமாச்சும் பச்சையாவே இருக்கட்டும்."

போனைப் பைக்குள் போட்டபோது விரலில் சிகரெட் பெட்டி தட்டியது. எடுத்துப் பக்கத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். இதற்கு முன்னும் எத்தனையோ பெட்டிகளைப் போட்டவர்தான். எல்லா முனையிலும் கடை இருக்கிறது. சாயங்காலம் மஃரிப்வரை நோன்பு இருக்கிறது, பயமில்லை. பயமெல்லாம் அதற்குப் பிறகு வரும் இரவுதான்.

ஆடுசதை கொஞ்சம் இளகியது. அடுத்த கடைவாசல் வரைக்கும் நடந்தார்.