நிமிர்த்தினால் போகும்

ஸ்ட்ரெச்சர் மறுபடியும் சுவரில் இடித்து நின்றது. அப்பாவின் கால்கள் நடைக்கு வந்துவிட்டன. தலை இன்னும் படுக்கையறைக்குள்ளேயே இருந்தது.

“கொஞ்சம் சாய்ச்சுப் பாருங்க,” என்றாள் மகள். சாய்க்க இடம் ஏது? கீழே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். நான்கு மணிக்குள் மயானத்தில் இருக்க வேண்டும். இப்போதே மூன்றேகால்.

அந்தப் புறநகர்க் குடியிருப்பில் மற்றவர்களெல்லாம் வளைவு நெளிவுகளை இடித்து வீட்டை நேராக்கிக்கொண்டிருந்தபோது, அப்பா மட்டும் வீட்டின் பழைய ஆர்ட் டெகோ பாணி வரைபடத்தைத் தேடிப்பிடித்து, யாரோ இடித்துப்போட்ட வளைந்த சுவரைத் திரும்ப எழுப்பினார். வட்டச் சன்னல், பித்தளைக் கைப்பிடி, கறுப்பு வெள்ளைத் தரை, எல்லாம் பழையபடி. மூன்று வருட வேலை. படுக்கையறைக்கு வெளியே நடை குறுகிப்போனதுதான் மிச்சம். போன வாரம்கூட மகள் ஃபோனில் கத்தினாள்: “நாளைக்கு அம்மாவுக்கு வீல்சேர் வந்தா எப்படித் திரும்பும்? உங்க சுவத்தையே கட்டிக்கிட்டு அழுங்க!” அவர் அதற்கும் சிரித்தார். அதன்பிறகு அவள் பேசவில்லை. இன்று விடிகாலையில் மாரடைப்பு.

வளைவைச் செய்த தச்சர் ரம்பத்தோடு நின்றார்.

“ப்ளைவுட்தான் பாப்பா. பத்து நிமிஷத்துல அறுத்துடலாம். நீ சொல்லு.”

உள்ளே அம்மாவின் அழுகை நின்றிருந்தது. காது கொடுக்கிறாள். மகள் குரலைத் தாழ்த்தினாள்.

“அப்பவே அளக்கலையா மாமா?”

“அளக்காமயா? ஃப்ரிட்ஜ அளந்தோம், சோஃபாவ அளந்தோம். பீரோ மட்டும்தான் இடிச்சுது. ‘நிமித்தினா போகும்யா’ன்னார் உங்கப்பா.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மறுபடி ஹாரன்.

“அப்பாவையும் நிமித்துங்க,” என்றாள்.

மார்பிலும் இடுப்பிலும் பட்டையை இறுக்கினார்கள். அவள் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். நழுவிவிட்டால்? அம்மா எட்டிப் பார்த்துவிட்டால்? கால்பக்கத்தைத் தரையில் ஊன்றித் தலைப்பக்கத்தை மெல்லத் தூக்கினார்கள். அப்பா எழுந்து நின்றார். அவள் முதுகைச் சுவருக்குக் கொடுத்து, இரண்டு கைகளாலும் அவரைக் கட்டிக்கொண்டு, அடிமேல் அடியாக வளைவைச் சுற்றி வந்தாள்.

வாசலில் அவரைத் திரும்பப் படுக்க வைத்தார்கள். தச்சர் மட்டும் பின்தங்கி, பழக்கதோஷத்தில், சுவரை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார்.

“ஒரு கீறல் இல்ல சார்,” என்றார், ஸ்ட்ரெச்சரைப் பார்த்து.